ஷாட்டுக்கு ஷாட் ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மொரீசியஸில் தமிழ் நாடகம் எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வார இறுதி ஆட்கள். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளியிலோ ஓட்டலிலோ வங்கியிலோ வேலை. சனி, ஞாயிறு ஆனால் சங்க மண்டபத்திலோ, யாராவது மனமிரங்கித் திறந்துவிடும் வீட்டுக் கூடத்திலோ ஷூட்டிங். ஒரே சீனை மூன்று வாரம் இழுத்து எடுப்பது இங்கே சர்வ சாதாரணம். கன்டின்யூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒட்டுகிறதா என்று, பார்க்கவென்று தனி ஆள் போட யாரிடமும் காசு இருப்பதில்லை. கிளாப் அடிக்கிற பையனே அதையும் பார்ப்பான், டீயும் வாங்கி வருவான். கடைசியில் எடிட்டில் உட்காரும்போதுதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்.

அப்படி எடிட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு.

முதல் சோதனை: பிழை எங்கே உறுத்துகிறது?

சீனைச் சத்தமில்லாமல், நிறுத்தாமல், சாதாரண வேகத்தில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கண் தடுக்குகிறதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்க வேண்டாம். அப்படிப் பார்த்தால் உலகத்திலுள்ள எந்த சீரியலிலும் பத்து நிமிடத்தில் முப்பது தப்பு கிடைக்கும். பார்வையாளர் அப்படிப் பார்ப்பதில்லை.

இதை ஆய்வாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். 1997-இல் டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், இரண்டு பெண்கள் சாப்பாட்டு மேஜையில் பேசும் சிறு படம் ஒன்றை எடுத்தார்கள். ஷாட் மாறும்போதெல்லாம் வேண்டுமென்றே எதையாவது மாற்றினார்கள். கழுத்திலிருந்த துண்டு காணாமல் போகும், சிவப்புத் தட்டு வெள்ளைத் தட்டாகும். இப்படி ஒன்பது மாற்றங்கள். முதல் தடவை பார்த்தவர்களில் ஏறக்குறைய யாருமே கவனிக்கவில்லை. இன்னொரு படத்தில் நடிகரையே மாற்றினார்கள். அதையும் பெரும்பாலோர் தவறவிட்டார்கள்.

அதனால் தம்ளர் இடம் மாறியதற்காக நல்ல நடிப்புள்ள டேக்கைத் தூக்கி எறிய வேண்டாம். பார்ப்பவர் எதைத் தவறவிட மாட்டார் என்றால், ஒன்று பார்வை போகும் திசை, இரண்டு பாதியில் அறுந்த அசைவு, மூன்று அர்த்தமுள்ள பொருள். இந்த மூன்றைச் சரிசெய்தாலே நாடகம் பிழைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: இருவர் பேசுகிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை

மாமியாரும் மருமகளும் எதிரெதிரே நின்று சண்டை போடுகிறார்கள். குளோசப் மாறி மாறி வருகிறது. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது ஆளைத் திட்டுவதுபோல் தெரிகிறது. இதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: லைன் கிராஸ்.

உறுதிப்படுத்த ஒரு வழி. இரண்டு குளோசப்பிலிருந்தும் ஒவ்வொரு ஸ்டில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் மூக்கு வலது பக்கமும் மற்றவர் மூக்கு இடது பக்கமும் நோக்க வேண்டும். இரண்டு மூக்கும் ஒரே பக்கம் போனால் கேமரா கோட்டைத் தாண்டிவிட்டது. இருவருக்கும் நடுவே தரையில் ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொண்டு, கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம், அதாவது 180 டிகிரிக்குள், இருந்தால் இந்தத் தொல்லை வராது. சின்னக் கூடத்தில் எடுக்கும்போது மருமகள் பக்கத்து சுவரில் கேமரா வைக்க இடமில்லாமல் எதிர்ச் சுவருக்குப் போயிருப்பீர்கள். அங்கேதான் நடந்திருக்கும்.

எடுத்தாகிவிட்டது, இனி என்ன செய்வது? வழிகளை எளியதிலிருந்து சொல்கிறேன்.

தாண்டிய ஷாட்டுக்கு முன்னால் ஒரு நடுநிலை ஷாட் வையுங்கள். ஒருவரை நேர் முகமாகவோ நேர் பின்னாலிருந்தோ எடுத்தது இருந்தால் போதும். அது கோட்டின் மேலேயே நிற்பதால் அடுத்த ஷாட் எந்தப் பக்கம் போனாலும் கண் ஏற்றுக்கொள்ளும். அது இல்லையென்றால் மூன்றாவது ஆளின் ரியாக்‌ஷன், வாசலில் நிற்கும் குழந்தை, அடுப்பில் பொங்கும் பால், எதுவானாலும் ஒன்றரை வினாடி. அதுவும் இல்லையென்றால் புதிய பக்கத்திலிருந்து எடுத்த வைடு ஷாட்டுக்குப் போய், இடத்தைப் பார்வையாளருக்கு மறுபடி காட்டிவிட்டு, பிறகு குளோசப்புக்கு வாருங்கள். நடிகர் யாராவது நடந்து எதிர்ப்பக்கம் போகும் டேக் இருந்தால் அதிர்ஷ்டம். கோடு திரையிலேயே மாறுவதைப் பார்த்துவிட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

அடுத்த யோசனை எல்லோருக்கும் வரும்: படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டால் என்ன? மென்பொருளில் ஒரே பட்டன். ஆனால் நம் நாடகத்தில் இது பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். நாம் இடது தோளில் போடும் முந்தானை திருப்பியதும் வலது தோளுக்குப் போய்விடும். ஒரு ஷாட்டில் தமிழ்க் கட்டு, அடுத்த ஷாட்டில் குஜராத்திக் கட்டு. மூக்குத்தி பக்கம் மாறும், ஆண்களின் சட்டைப் பை வலது மார்புக்கு வரும், சுவரிலிருக்கும் நாள்காட்டி கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்து பேசும். தோளுக்கு மேல் மட்டும் தெரிகிற, நடுவகிடு எடுத்த, மூக்குத்தி போடாத முகம் என்றால் செய்யலாம். மற்றபடி கையை வைக்காதீர்கள்.

மூக்கு திசை சரியாக இருந்தும் பார்வை ஒட்டவில்லையா? உயரத்தைப் பாருங்கள். பாட்டி நாற்காலியில், பேரன் பாயில். பேரன் மேலே பார்த்துப் பேசுகிறான், பாட்டியோ நேராகப் பார்த்துப் பதில் சொல்கிறார். இது வார இறுதி ஷூட்டிங்கின் தனி வியாதி. பேரனாக நடிக்கும் பையனுக்கு மாலை ஓட்டலில் ஷிஃப்ட் இருக்கும். அவன் போன பிறகு பாட்டியின் குளோசப்பை வெற்றிடத்தைப் பார்த்து எடுத்திருப்பீர்கள். அடுத்த முறை அவன் கண் இருந்த உயரத்தில் ஒரு ஸ்டாண்டு நிறுத்தி அதில் டேப் ஒட்டிவிடுங்கள். இப்போதைக்கு, பாட்டியின் பேச்சைப் பேரன் முகத்தின் மேல் ஓடவிட்டு, பாட்டி தெரியும் நேரத்தைக் குறையுங்கள்.

டெலிபோன் சீனுக்கும் இதே விதிதான். இருவரும் வெவ்வேறு ஊரில் இருந்தாலும் ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமும் பார்த்தால்தான் பேச்சு பேச்சாகத் தெரியும். பயணத்துக்கும் அப்படியே. போர்ட் லூயியிலிருந்து கியூர்பிப்புக்கு பஸ் இடமிருந்து வலமாகப் போனால் வழி முழுக்க அப்படியே போகட்டும். நடுவில் ஒரு ஷாட் எதிர்த்திசையில் வந்தால், ஆள் எதையோ மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

அறிகுறி: ஆள் அதே இடத்தில் குதிக்கிறார்

ஒரே ஆளின் இரண்டு ஷாட், அளவும் கோணமும் கிட்டத்தட்ட ஒன்று. சேர்த்தால் படம் துள்ளும். கோணம் 30 டிகிரிக்காவது மாறியிருக்க வேண்டும், இல்லை அளவு நன்றாக மாறியிருக்க வேண்டும். 4கே-யில் எடுத்து எச்டி-யில் வெளியிடுகிறீர்கள் என்றால் இரண்டாவது ஷாட்டை இரு மடங்கு வரை பெரிதாக்கலாம், தரம் குறையாது. பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி: கை, தலை, தம்ளர் ஒட்டவில்லை

வைடு ஷாட்டில் அம்மா டீ தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகிறார். குளோசப்பில் தம்ளர் மடியில். இங்கே தம்ளர் இருக்கும் இடம் உறுத்தாது, அறுந்துபோன அசைவுதான் உறுத்தும். எனவே அசைவு நடக்கும்போதே வெட்டுங்கள். தம்ளர் கிளம்பி மூன்றில் ஒரு பங்கு தூரம் போனதும் வெட்டி, குளோசப்பிலும் அது அதே தூரம் போன இடத்தில் சேருங்கள். நடுவில் ஓரிரு ஃபிரேம் விட்டுப்போனாலும் அசைவு கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். அசைவு முழுவதும் முடிந்து கை ஓய்ந்த பிறகு வெட்டினால்தான் பார்ப்பவருக்கு ஒப்பிட நேரம் கிடைக்கிறது.

அடிப்படைக் காரணம் ஷூட்டிங்கில் இருக்கும்: ஒவ்வொரு டேக்கிலும் வெவ்வேறு சொல்லில் தம்ளரை எடுத்திருப்பார். இங்கே வசனத்தை ரோமன் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் நடிகர்கள் பலர். வீட்டில் பேசுவது கிரியோல், தமிழ் கோயிலிலும் வகுப்பிலும் கேட்டது. கவனமெல்லாம் வசனம் மறக்கக் கூடாதே என்பதில் இருக்கும், கை தன் பாட்டுக்குப் போகும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முதல் நல்ல டேக் முடிந்ததும், வசனத் தாளில் எந்தச் சொல்லில் எந்தக் கை என்ன செய்தது என்று அந்தச் சொல்லின் மேலேயே ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். அடுத்த டேக்குக்கு முன் பக்கத்தில் போய் மெதுவாக, "அக்கா, 'உங்க அப்பா இருந்தா'ன்னு சொல்றப்போ தம்ளரைக் கீழ வச்சீங்க, வலது கை" என்றால் போதும். "கன்டின்யூட்டி பார்த்துப் பண்ணுங்க" என்று தூரத்திலிருந்து கத்தினால் அவருக்கு வசனமும் போய்விடும்.

அறிகுறி: இலையில் சாப்பாடு கூடுகிறது, குறைகிறது

கல்யாணம், திருவிழா, காவடி என்று எந்த சீனானாலும் நம்மவர்களுக்கு வாழை இலையும் ஏழு கறியும் வேண்டும். செத் காரி (கிரியோலில் ஏழு கறி) இல்லாமல் மொரீசியஸ் தமிழ் நாடகமா? பார்க்க அழகு, எடிட்டருக்கு நரகம். இலையில் சோறு, ஏழு கறி, ரசம். அதை ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள், மூன்று கோணத்தில், கோணத்துக்கு நான்கு டேக். ஒரு ஷாட்டில் பாதி காலியான சோறு அடுத்த ஷாட்டில் மலைபோல் குவிந்திருக்கும்.

எடிட்டில் முதல் மருந்து: இலையை ஃபிரேமிலிருந்து வெளியேற்றுவது. குளோசப்பை மார்பு வரை பெரிதாக்கினால் இலை கீழே போய்விடும். கை வாய்க்குப் போகும் அசைவில் வெட்டினால் யாரும் சோற்றை அளக்க மாட்டார்கள். யாராவது கரண்டியோடு குனிந்து பரிமாறும் ஷாட் ஒன்று கிடைத்தால் அது தங்கம். அதைப் போட்ட பிறகு இலையில் எது கூடினாலும் நியாயம் இருக்கிறது. வரிசையைப் பாருங்கள்: குறைந்த இலை, பரிமாறும் கை, நிறைந்த இலை. பிழை கதையாகிவிட்டது.

எடுக்கும்போதே தடுக்க வேண்டுமென்றால், எல்லோரையும் சாப்பிடச் சொல்லாதீர்கள். வசனம் உள்ள ஒருவர் மட்டும் சாப்பிடட்டும், அதுவும் இலையின் ஒரே மூலையிலிருந்து ஒரே கறியை. மற்றவர்கள் பிசையட்டும், பேசட்டும், தண்ணீர் குடிக்கட்டும். ஒவ்வொரு டேக் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று என்று இலையை நேர் மேலிருந்து போனில் படமெடுங்கள். சீன் முழுவதையும் ஒரே ஓட்டமாக வைடில் எடுத்த மாஸ்டர் ஷாட்டில் எந்த வசனத்தில் இலை எவ்வளவு காலி என்று அந்தப் படங்கள் சொல்லும், குளோசப்புக்கு அதைப் பார்த்துப் பரிமாறலாம். உதிரி இலைகளை முன்கூட்டியே ஒரே அளவில் நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் அரை மணியில் இலை சுருண்டு நிறம் மங்கும். அதுவே தனிக் கன்டின்யூட்டி பிழை. சாப்பிடுபவர் சோறு உருட்டுவது வலது கையால்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடது கைப் பழக்கமுள்ள இளம் நடிகர்கள் வைடில் வலது கையாலும் குளோசப்பில் இடது கையாலும் சாப்பிட்டு வைப்பார்கள். அதை எந்தத் தமிழ்ப் பாட்டியும் விடமாட்டார்.

அறிகுறி: பூ, பொட்டு, தாலி மாறிவிட்டது

தட்டு நிறம் மாறினால் தெரியாது என்றேன். தாலி மாறினால் தெரியும். அதற்கு அர்த்தம் இருக்கிறது. தாலிச் சங்கிலி ஒரு ஷாட்டில் வெளியே, ஒரு ஷாட்டில் ரவிக்கைக்குள் என்றால்கூட, பெண்கள் உடனே பிடித்துவிடுவார்கள். பொட்டு இல்லாமல் ஒரு குளோசப் வந்தால் வீட்டில் துக்கமோ என்று சந்தேகப்படுவார்கள். இந்த வகைப் பிழையைக் கட்அவே போட்டு, அதாவது நடுவில் வேறெதையாவது காட்டி, மறைக்க முயலாதீர்கள். அந்த ஷாட்டையே தூக்குங்கள், அல்லது பேட்ச் எடுங்கள், அதாவது அந்தத் துண்டை மட்டும் இன்னொரு நாள் மறுபடி எடுங்கள். பொட்டு மட்டும் விட்டுப்போன, முகம் அசையாத ஷாட் என்றால் மென்பொருளில் ஒட்டிவிடலாம். அசையும் முகத்தில் ஒட்டிய பொட்டு நெற்றியில் நீந்தும், பார்க்கச் சகிக்காது.

மல்லிகை வேறு ரகம். காலையில் மொட்டாக வைத்த சரம் மாலைக்குள் விரிந்து பழுத்துவிடும். சீன் கதைப்படி ஐந்து நிமிடம், பூவோ ஒரு நாள் வயதாகியிருக்கும். ஒரே நீளத்தில் நான்கைந்து சரம் கட்டி ஃபிரிட்ஜில் வைத்து மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி. சரம் ரவிக்கைக் கழுத்துக்கு எத்தனை விரல் கீழே தொங்குகிறது என்று பின்பக்கப் படம் ஒன்று எடுத்து வையுங்கள். முன்பக்கம் மட்டும் படமெடுக்கும் பழக்கத்தால் தலைப்பின்னல் எப்போதும் கைவிடப்படுகிறது. விபூதிக்குத் தண்ணீர் விட்டுக் குழைத்த பட்டை வியர்வைக்கு ஓரளவு தாங்கும்.

தைப்பூசக் காவடிப் பருவத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. பத்து நாள் விரதம் இருக்கும் நடிகர் தாடியோடு வருவார், கன்னத்தில் அலகு குத்திக்கொள்பவர் என்றால் தழும்போடு வருவார். மேக்கப் போட்டு மறைக்கலாம் என்று நினைப்பீர்கள். 4கே குளோசப் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கால்ஷீட் போடும்போதே "அண்ணா, இந்த வருஷம் காவடி எடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்து வாரங்களில் அவருக்கு வைடு ஷாட் மட்டும் வையுங்கள்.

அறிகுறி: வெளிச்சமும் நிழலும் பேச்சுக்கு நடுவே இடம் மாறுகின்றன

இதற்கு முதலில் நம் சூரியன் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். தமிழில் கிடைக்கும் ஒளிப்பதிவுப் பாடங்கள் சென்னையில் நின்று சொல்பவை. அங்கே பெரும்பாலான மாதங்களில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மொரீசியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை மட்டும் உச்சி வெயில் தலைக்கு மேலேயோ சற்றுத் தெற்கேயோ இருக்கும். மற்ற மாதமெல்லாம் அது வடக்கே. வடக்குப் பார்த்து நின்றால் சூரியன் வலமிருந்து இடமாகப் போகும், நிழல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். தெற்கு ஜன்னல் உள்ள அறையை வெயில் வரும் என்று நம்பி லொக்கேஷன் பிடித்துவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

ஜூன் மாத நண்பகலில் நிழல் ஏறக்குறைய ஆள் உயரம் இருக்கும், தெற்குப் பக்கம் விழும். டிசம்பர் நண்பகலில் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். எனவே ஜூனில் எடுத்த சீனுக்கு டிசம்பரில் பேட்ச் எடுக்க வேண்டியிருந்தால் அதே கடிகார நேரத்தில் போகாதீர்கள். நிழல் ஆள் உயரம் ஆகும் காலையிலோ பிற்பகலிலோ போய், வெயில் பழைய ஷாட்டில் முகத்தின் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம் விழும்படி நடிகரையும் கேமராவையும் சேர்த்துச் சுழற்றுங்கள். பின்னணி மாறிவிடுமே என்றால், அதனால்தான் பேட்ச் ஷாட்டை டைட்டாக வைக்கச் சொல்கிறோம்.

இரண்டு பேர் பேசும் வெளிப்புற சீனுக்கு ஒரு சுலபத் திட்டம்: ஒருவரைக் கிழக்கேயும் மற்றவரை மேற்கேயும் நிறுத்துங்கள். காலையில் கிழக்கே நிற்பவரின் குளோசப். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பிற்பகலில் மேற்கே நிற்பவரின் குளோசப். இப்போது சூரியன் இவர் முதுகுக்குப் பின்னால். இயற்பியல்படி இது பொய், இருவருக்கும் பின்னால் சூரியன் இருக்க முடியாது. திரையில் இரண்டும் அச்சாக ஒட்டும்.

வானம் நம் கையில் இல்லை. போர்ட் லூயியில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போது கியூர்பிப்பில் தூறிக்கொண்டிருக்கும், நடுவில் சுமார் இருபது கிலோமீட்டர்தான். ஒரே வீட்டின் வாசலைக் கியூர்பிப்பிலும் கொல்லையைப் போர்ட் லூயியிலும் எடுத்தால் தரையின் ஈரமே காட்டிக்கொடுக்கும். காய்ந்த தரையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது சுலபம், நனைந்த தரையைக் காயவைப்பது நடக்காது. ஆகவே மழை ஊர் ஷாட்டை முதலில் எடுத்துவிட்டு, வெயில் ஊரை அதற்குப் பொருத்துங்கள். தலைமுடி ஈரமும் அப்படியே.

பின்னணி மலைதான் இந்தத் தீவில் மாட்டிவிடும் சாட்சி. பியெத்தர் போத் மலை உச்சியிலிருக்கும் உருண்டைப் பாறை எல்லோருக்கும் தெரியும், கோர் த கார்த் மலையின் வடிவமும் தெரியும். கதையில் வீடு போர்ட் லூயியில் என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஷாட்டில் கோர் த கார்த்தைக் காட்டினால் அந்த மலைக்குப் பக்கத்து ஊரான கத்ர் போர்ன் மக்கள் சிரிப்பார்கள். கேமராவைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பினால் மலை போய்விடும், எடுத்த பிறகு என்றால் பின்னணியை மங்கலாக்கலாம்.

கரும்பையும் மறக்க வேண்டாம். மே, ஜூனில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஜூனிலிருந்து டிசம்பர் வரை வெட்டு. காதலர்கள் ஆள் உயரக் கரும்புக்கு நடுவே பேசத் தொடங்கி, மூன்று வாரம் கழித்து மொட்டைக் காட்டில் பேசி முடித்த சீன்கள் உண்டு. கரும்புக் காட்டு சீனை மட்டும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும், வேறு வழியே கிடையாது. புயல் பருவத்தில் மரங்களுக்கும் இதேதான். ஒரு புயலடித்தால் பின்னணி மரம் இலையுதிர்ந்து நிற்கும்.

போகிறபோக்கில் ஒன்று: இணையத்தில் கிடைக்கும் நிலா ஷாட்டை இரவு சீனில் ஒட்டுபவர்கள், வளர்பிறைக்கு இங்கே இடப்பக்கம்தான் வெளிச்சம் என்பதைப் பார்த்து ஒட்டுங்கள்.

அறிகுறி: நிறம் மாறுகிறது, படம் மினுக்குகிறது

போனில் எடுத்தவர்களுக்கு வருவது. ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் மஞ்சள் புடவைக்காரர் ஃபிரேமுக்குள் வந்ததும் சுவர் நீலமாகும். ஷாட்டுக்கு ஷாட் கலர் கரெக்‌ஷனில் இழுத்துப் பிடிக்கலாம். ஒரே ஷாட்டுக்குள் மாறினால் கீஃப்ரேம் போட்டு, அதாவது நிறம் மாறும் இடங்களைக் குறித்து ஒவ்வொன்றாகத் திருத்தி, மாரடிக்க வேண்டும். எடுக்கும்போது பூட்டிவிடுங்கள், பகலுக்கு 5600 கெல்வின், குண்டு பல்புக்கு 3200.

மினுக்கலுக்குக் காரணம் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போனின் வழக்கமோ வினாடிக்கு 30 ஃபிரேம். 25 ஃபிரேமும் ஷட்டர் 1/50-உம் வைத்தால் போகும். எடுத்த பிறகு நீக்க மென்பொருள் உண்டு, ஆனால் முகம் மெழுகுபோல் ஆகிவிடும்.

அறிகுறி: படம் ஒட்டுகிறது, காது ஒட்டவில்லை

ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி இரைச்சல் மாறினால் படம் எவ்வளவு சரியாக இருந்தாலும் வெட்டு தெரியும். மருந்து ரூம் டோன்: எல்லோரும் அசையாமல் நின்று, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவுசெய்து, சீன் முழுக்க அடியில் ஓடவிடுவது. பதிவுசெய்ய மறந்திருந்தால் வசனங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளைத் துண்டு துண்டாகச் சேர்த்து ஒன்று தயாரிக்கலாம், பொறுமை வேண்டும். தகரக் கூரையில் பாதி டேக்கில் மட்டும் மழை பெய்திருந்தால் எல்லா டேக்குக்கும் மழைச் சத்தம் போட்டுவிடுங்கள். அடுத்தவர் வசனத்தை ஒரு வினாடி முன்னதாகவே தொடங்கவிட்டுப் பிறகு முகத்தைக் காட்டினாலும் வெட்டு மறையும்.

ஃபிரிட்ஜ் சத்தம் பெரிய தொல்லை. ஷூட்டிங் வீட்டில் ஃபிரிட்ஜை அணைத்ததும் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். சாவி எடுக்கப் போகும்போது அதைத் திரும்பப் போட ஞாபகம் வரும். வீட்டுக்காரர் அடுத்த வாரமும் கதவைத் திறப்பார்.

பேட்ச் டப்பிங்கில் உச்சரிப்பு மாறுவது இங்கே தனிப் பிரச்சினை. வைடில் பழம் என்றவர் குளோசப்பில் பலம் என்பார். வாக்கியத்தின் நடுவில் ஒட்டாதீர்கள், முழு வாக்கியத்தையும் மாற்றுங்கள்.

அறிகுறி: கையிலிருக்கும் பணம் மாறுகிறது

பணம் கைமாறும் சீனில் கையின் குளோசப்பைக் கடைசி நாளில்தான் எடுப்போம். 2013-இல் 25, 50, 500 ரூபாய்க்கு பாலிமர் நோட்டுகள் வந்தன. அவற்றில் ஒளி ஊடுருவும் சாளரம் இருக்கும். வைடில் காகித நோட்டு, குளோசப்பில் பாலிமர் என்றால் தெரிந்துவிடும். பழைய கதை எடுப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1998-இல் வந்த நோட்டுகளில் தமிழை தேவநாகரிக்குக் கீழே தள்ளியிருந்தார்கள். நம்மவர்கள் எதிர்த்துக் கிளம்பியதால் அவை திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் பழைய வரிசையில் புதிதாக வந்தன. அந்த நோட்டு ஒன்றை யாராவது சேகரிப்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால், தயவுசெய்து எண்பதுகளின் கதையில் காட்டாதீர்கள். தெருவில் எடுக்கும் பழைய கதைக்கு மெட்ரோ தண்டவாளமும் ஆபத்து, அது 2019-இல்தான் ஓடத் தொடங்கியது.

சுவர்க் கடிகாரத்துக்கு ஒரே மருந்து பேட்டரியைக் கழற்றுவது.

எதுவுமே ஒட்டவில்லை, பேட்ச் எடுத்தே ஆக வேண்டும்

போவதற்கு முன் எடிட்டிலிருந்து மூன்று ஸ்டில் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்: பிழைக்கு முந்திய ஷாட்டின் கடைசி ஃபிரேம், பிந்திய ஷாட்டின் முதல் ஃபிரேம், அந்த சீனின் வைடு. ஞாபகத்தை நம்ப வேண்டாம், "அன்னிக்கு இந்தப் புடவைதான் கட்டியிருந்தேன்" என்று நடிகை சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம். கேமரா உயரம், லென்ஸ், நடிகரிடமிருந்து தூரம் மூன்றையும் அந்த ஸ்டில்லைப் பார்த்துப் பொருத்துங்கள். பேட்ச் ஷாட் அசைவில் தொடங்கி அசைவில் முடியட்டும்: தலை திரும்புகிறது, வசனம், தலை குனிகிறது. இரு முனையிலும் வெட்ட இடம் கிடைக்கும். வீடு திரும்பும் முன் அங்கேயே மடிக்கணினியில் பழைய ஷாட்டுகளுக்கு நடுவே செருகி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நடிகர் மேக்கப்பைக் கலைப்பதற்குள்.